இளமைக் கோடு

என் கணவர் எழில்வேந்தனுக்கு நேரம் துல்லியமாகத் தெரியும். சாப்பாட்டு நேரம் மட்டும் தெரியாது. ஒரு நொடியைக் கோடி கோடியாகக் கூறுபோட்டு, அதில் ஒரு கூறு கூடியதா குறைந்ததா என்று கண்டுபிடிக்கிற மனிதர், தட்டில் போட்ட தோசை விறைத்து அப்பளமான பிறகுதான் வந்து உட்காருவார். கேட்டால் "அஞ்சு நிமிஷம் தாட்சா" என்பார். அந்த ஐந்து நிமிடத்தின் நீளத்தை உலகத்தில் எந்தக் கடிகாரமும் இதுவரை அளந்ததில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செல்போன் கோபுரங்களில் இருந்த ஒளிக் கடிகாரங்களைக் கழற்றிப் புதிது மாட்டிய வருஷம், பழையதெல்லாம் சென்னை ரிச்சி தெருவின் பழைய சாமான் கடைகளில் எடைக்கு வந்து விழுந்தது. அணுக்களை லேசர் ஒளியில் நிறுத்திவைத்து அவற்றின் துடிப்பை எண்ணுகிற சாதனம். ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டு இருந்ததாம். இப்போது கிரைண்டர் அளவுக்கு வந்துவிட்டது. கிரைண்டர் கனம் இருக்கும், மாவு மட்டும் ஆட்டாது. என் கணவர் அதில் ஒன்றை வாங்கி, மாதக்கணக்கில் பற்றவைத்துப் பிரித்துப் பற்றவைத்து, எங்கள் ஸ்டோர் ரூமில் குடிவைத்தார். மளிகைச் சாமான்கள் கட்டிலுக்கு அடியில் போயின.

அதற்கு ஆசாரங்கள் உண்டு. ஓடுகிற கடிகாரத்தை அணைக்கக் கூடாது. பக்கத்தில் நின்று தும்மக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஓடுகிற கடிகாரத்தை நகர்த்தவே கூடாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அதை நகர்த்த விடாமல் சுற்றி மட்டும் அடிக்கச் சொன்னார். அதன் பின்னால் சுவரில் ஒரு சதுரம் இன்னும் பழைய பச்சையிலேயே இருக்கிறது. பெயின்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

நாங்கள் இருந்தது ஸ்வர்ண சரோவர் குடியிருப்பில், தரைத்தளத்தில். சரோவர் என்றால் ஏரி. ஏரியைத் தூர்த்துக் கட்டடம் கட்டிவிட்டு, அதற்கு ஏரி என்றே பெயரும் வைத்த பில்டரின் துணிச்சலை நான் பல தடவை மெச்சியிருக்கிறேன். எங்கள் பிளாக்கின் மறுகோடியில் அசோசியேஷன் ஹால். அதை வாடகைக்கு எடுத்து நான் குழந்தைகள் காப்பகம் நடத்தினேன். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். மத்தியானம் பாய் விரித்து வரிசையாகத் தூங்கவைப்பேன். நேத்ரா என்று ஒரு குட்டி, என் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொள்ளாமல் கண்ணை மூடாது. அது தூங்கும்வரை நானும் அதன் பக்கத்திலேயே ஒடுங்கிக் கிடக்க வேண்டும்.

என் கணவரைப் போன்ற பைத்தியங்கள் தனியாக இருப்பதில்லை. அவர்களுக்கு ஒரு கழகம் இருந்தது. பெயர் ஒரு முழ நீளம், நான் நொடிக் கூட்டம் என்றுதான் சொல்வேன். ஓசூரில் ஒருவர், ஏற்காட்டில் ஒருவர், இன்னும் இங்கும் அங்கும் சிலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி இழை இணைப்பு வழியாகத் தங்கள் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். பரங்கிமலையில் இருக்கும் கிளாடிஸ் மேடத்தின் கடிகாரம்தான் கூட்டத்துக்கு ஆதாரம். ஓய்வு பெற்ற காலேஜ் புரொபசர், பாறை மேல் வீடு, பாறை போலவே பேச்சு. படித்த பெரிய மனிதர்கள் உட்கார்ந்து "என்னோடது பதினெட்டாவது தசமத்துல நிக்குது சார்" என்று பெருமையடிப்பதை நான் காபி கொடுக்கும்போது கேட்டிருக்கிறேன். மீசை முளைத்த பையன்கள் பைக் வேகம் பேசுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் என் கணவருக்கு ஒரு தலைகுனிவு. அவர் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே போனது. "எழில் சார், உங்க பெட்டிக்கு வயசாயிடுச்சு" என்று ஓசூர்க்காரர் சிரிப்பார். இவர் முகம் தொங்கிப்போகும்.

அதற்கு அவர்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. ஒரு கடிகாரம் வாரா வாரம் ஒரே அளவில் தளர்ந்தால், அது முதுமை. அந்தச் சரிவை முன்கூட்டியே கணக்குப்போட்டுக் கழித்துவிட வேண்டும். கழித்தது போக மிஞ்சுவதுதான் கடிகாரத்தின் உண்மையான குணமாம். இதற்குத் தேய்மானத் திருத்தம் என்று பெயர். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் வழுக்கையை மறைக்கிறார்களே, அந்த மாதிரிதான். என் கணவர் ஒன்றரை வருஷம் ஒரு வாரம் விடாமல் திருத்தினார். திருத்திய பிறகு வரைபடத்தில் அவருடைய கோடு கூட்டத்திலேயே நேரான கோடாக ஆகிவிட்டது. வருஷாந்திரக் கூட்டத்தில் ஒரு வெண்கலக் கோப்பை கொடுத்தார்கள். அதை டீவி மேல் வைத்துத் தினமும் துடைத்தார். என் பிறந்தநாள் அந்த வாரத்தில்தான் வந்தது. அது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

இருந்தாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. வயசாகிறது என்ற பேச்சைப் பொய்யாக்க ரிச்சி தெருவிலிருந்து இன்னொரு பெட்டி வாங்கிவந்து முதல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் ஒரு வாரம் பேசவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

இரண்டாவது பெட்டியின் கோடும் இறங்கியது. முதல் பெட்டி இறங்கிய அதே அளவில். கிளாடிஸ் மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணாவே இறங்குது மேடம். அப்போ தப்பு உங்க பக்கம்தான்."

"என்னோடது ஓசூரோட ஒத்துப்போகுது, ஏற்காட்டோட ஒத்துப்போகுது. உங்க வீட்டுல இருக்கற ரெண்டு மட்டும்தான் இறங்குது எழில். ரெண்டு பெட்டிக்கு எப்படி ஒரே மாதிரி வயசாகும்? நீங்களும் தாட்சாயணியும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்க. ஒரே மாதிரியா வயசாகுது?"

"எனக்குத்தான் மேடம் சீக்கிரமா ஆகுது" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.  பிறகு கிளாடிஸ் மேடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எழில், கடிகாரத்த விடுங்க. அது நிக்கற தரையப் பாருங்க."

என் கணவர் போனை வைக்கவும் மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒன்றரை வருஷமாகக் கழித்ததையெல்லாம் திரும்பக் கூட்டினார். திரையில் கோடு மாடிப்படிக் கைப்பிடி மாதிரி சரிந்து இறங்கியது.

"என்னங்க அது?"

"வீடு இறங்குது தாட்சா. பூமிக்குக் கிட்டப் போகப் போக நேரம் மெதுவா ஓடும். மலை உச்சியில ஓடற கடிகாரத்தவிட அடிவாரத்துல ஓடறது ஒரு துளி பின்தங்கும். முன்னெல்லாம் மலையளவு வித்தியாசம் இருந்தாத்தான் தெரியும். இந்தப் பெட்டிக்கு விரற்கடை போதும்."

"எவ்வளவு இறங்கியிருக்கு?"

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

ஒரு சாண்! ஏழு மாடிக் கட்டடம் ஒரு சாண் பூமிக்குள் போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிற கருவியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அது சொல்லச் சொல்ல, இந்த மனுஷன் வாரா வாரம் அழித்துக் கோப்பை வாங்கியிருக்கிறார். நானும் பெரிய புத்திசாலி இல்லை. கேட் வாசலில் காரின் அடி தட்டுகிறது என்று எல்லோரும் சேர்ந்து ரோடு போடுகிறவனைத் திட்டினோம். சென்னையில் ரோடுதானே ஒவ்வொரு தடவையும் உயரும்? வீடு இறங்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"எல்லாம் ஒரே சீரா இறங்கினா பயமில்ல" என்றார். "விரிசல்கூட விடாது." சொன்னாரே தவிர முகம் சரியில்லை. இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோய் என் காப்பகத்தின் மூலையில் வைத்துப் பார்த்தார். அங்கே கோடு இன்னும் செங்குத்தாக இறங்கியது. எங்கள் வீட்டுக் கோடியைவிட அந்தக் கோடி வேகமாகப் போகிறது.

"அப்படீன்னா?"

"நடுவுல கட்டடம் வளையுதுன்னு அர்த்தம். ஒரு அளவுக்கு வளையும். அப்புறம் முறியும். அந்த மூலைதான் முதல்ல போகும்."

அந்த மூலையில்தான் நான் பாய் விரிப்பேன். 

மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் எங்கள் வரைபடங்களைப் புரட்டிவிட்டு, "விரிசல் எங்கம்மா? விரிசல் போட்டோ இருந்தாத்தான் மனு எடுக்க முடியும்" என்றார். முறிந்த பிறகு விரிசல் தாராளமாகக் கிடைக்கும் என்றேன். கோபித்துக்கொண்டார். அசோசியேஷன் ஒரு நிபுணரைக் கூட்டிவந்தது. அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, டீ குடித்து, எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் பொதுக்கூட்டம். தலைவர் சபாநாயகம், அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், ஓய்வை இன்னும் நம்பாதவர். கிளாடிஸ் மேடம் முதல் நாளே போனில் எச்சரித்தார்: "எழில், 'கட்டடம் இறங்குது, வெளிய போங்க'. இது ரெண்டு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் விளக்காதீங்க." என் கணவர் தலையாட்டினார். ஆனால் இந்த ஜாதியைப் பற்றி எனக்குத் தெரியாதா? வீட்டில் தீப்பிடித்தால் இவர்கள் முதலில் ஆக்சிஜனைப் பற்றி விளக்குவார்கள்.

அதேதான் நடந்தது. மைக்கைப் பிடித்தவர், "முதல்ல ஒரு அடிப்படைத் தத்துவம். உயரம் குறையக் குறைய, காலம் மெதுவா ஓடும்" என்று ஆரம்பித்தார்.

ஹாலில் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

சபாநாயகம் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம் சார். அப்போ நம்ம பில்டிங்ல மத்த எடத்தவிட டைம் ஸ்லோவா போகுதுன்றீங்க?"

"ஆமா சார். அதனாலதான் —"

"அப்போ இங்க இருக்கறவங்களுக்கு வயசும் மெதுவாத்தானே ஏறும்?"

"கொள்கையளவுல ஆமா, ஆனா —"

"ஆமான்றார்!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் வேறு.

"ஆனா நூறு வருஷம் இங்கயே இருந்தாலும், கண் சிமிட்டற நேரத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குகூட மிச்சமாகாது! நான் சொல்ல வந்தது கட்டடம் —"

"துளியோ கடலோ, லாபம் லாபம்தானே சார்" என்றார் சபாநாயகம். "எந்த ஃப்ளோர்ல ஜாஸ்தி?"

"கீழ... கீழதான். அந்தக் கோடியில காப்பகம் இருக்கே, அங்க. ஆனா சார், அங்கதான் ஆபத்தே. தரை உள்ள போகுது!"

"எந்தக் கட்டடம் சார் போகல? உலகமே போய்க்கிட்டுத்தான் இருக்கு. நிபுணரே ஓகேன்னுட்டாரு."

நான் எழுந்து மைக்கைப் பிடுங்கினேன். "வீடு முழுகுது, பிள்ளைங்க சாகும்" என்று அப்பட்டமாகச் சொன்னேன். காப்பக வாடகையைக் குறைக்க நான் நாடகம் ஆடுவதாக ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். இவர்கள் கிண்ணத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

அந்த மாதமே என்னைக் காலி செய்யச் சொன்னார்கள். ஹாலுக்கு இளமை மண்டபம் என்று பெயர் வைத்து, ஏர்கூலர் போட்டு, சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்டார்கள். சுவரில் பெரிய திரை ஒன்று. என் கணவரின் முதல் கடிகாரத்திலிருந்து வருகிற கோடு நாள் முழுக்க அதில் ஓடும். அதற்கு இளமைக் கோடு என்று பெயர். காலையில் வாக்கிங் முடித்து வந்தவர்கள் அதன் எதிரில் உட்கார்ந்து, கோடு கீழே இறங்க இறங்க "இன்னைக்கு நல்லா இறங்கியிருக்கு" என்று முகம் மலர்வார்கள். தங்கள் சவக்குழி ஆழமாவதைப் பார்த்துக் கைதட்டிய கூட்டத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆறாவது மாடிக்காரர்கள் தரைத்தளத்தில் வீடு கிடைக்குமா என்று அலைந்தார்கள்.

"அவங்களுக்கு எதுக்குங்க அந்தக் கோட்டைக் கொடுத்தீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"தெனமும் பாத்தா சரிவு புரியும்னு நெனச்சேன் தாட்சா."

உண்மை அது மட்டும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் அவருடைய கோட்டைப் பார்த்தார்கள். அதில் அவருக்கு ஒரு குளிர்ச்சி. நாற்பது பேர் மத்தியில் சபாநாயகம் இவருக்குச் சால்வை போர்த்தினபோது தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாரே, அந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

காப்பகத்தைக் கிளாடிஸ் மேடத்தின் வீட்டுக்கு மாற்றினேன். பாறைமேல் வீடு, அசையாது. முதலில் எல்லாப் பிள்ளைகளும் வந்தன. அப்புறம் நேத்ராவின் அம்மா ரோஷினி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது மலையாச்சே. இங்க டைம் ஃபாஸ்ட்டா போகுமாமே. பொண்ணு சீக்கிரம் வளந்துட்டா..."

"சீக்கிரம் வளந்தா என்னடி? உன்னைவிடப் புத்தியோட வளரட்டுமே!"

அழுதுகொண்டே போனாள். ஆனால் மறுநாள் நேத்ரா வரவில்லை. சபாநாயகத்தின் மருமகள் இளமை மண்டபத்தின் ஒரு பக்கத்தில் காப்பகம் திறந்திருந்தாள். பாதிப் பிள்ளைகள் அங்கே போய்விட்டன. பெரியவர்கள் நாற்காலியில், பிள்ளைகள் பாயில். அதே மூலை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேத்ரா முந்தானை கிடைக்காமல் திரைச்சீலையின் நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. 

ஐப்பசி பிறந்தது. மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும். லிப்ட் நின்றுபோனது. மெக்கானிக் வந்து பார்த்து, "உள்ள தண்டவாளம் கோணியிருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஹாலில் தரை ஓடுகள் இரண்டு தானாகவே எகிறின. அதற்கும் ஏர்கூலர் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு செய்தார்கள். சரிவு இரண்டு மடங்காகிவிட்டது என்று கிளாடிஸ் மேடம் சொன்னார். மழைத் தண்ணீர் கீழே இறங்கினால் எத்தனை நாள் தாங்கும் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் என் கணவரை எதிரே உட்காரவைத்தேன்.

"உயிர் போகும்னு சொன்னா இவங்களுக்கு உறைக்கல. வயசு போகும்னு சொன்னா உறைக்கும். நாளைக்குக் கோட்டை மேல ஏத்துங்க."

"எப்படி?"

"எப்படியா? ஒன்றரை வருஷம் கழிச்சீங்களே. இப்போ கூட்டுங்க. இங்க டைம் வேகமா ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு தெரியட்டும். ஒரே நாள்ல ஓடிடுவாங்க."

அவர் என்னமோ நான் கொலை செய்யச் சொன்ன மாதிரி பார்த்தார். "அளக்காதத அளந்ததா காட்ட முடியாது தாட்சா."

"திருத்தம் மட்டும் போடலாமா?"

"அது தப்பு. தெரியாம செஞ்ச தப்பு. இது தெரிஞ்சே எழுதற பொய். என் கோடு பொய் சொல்லாது."

"உங்க கோடு பொய் சொல்லாது, பிள்ளைங்க செத்தா பரவால்லியா? நேத்ரா பேரை எந்தத் தசமத்துல எழுதுவீங்க?"

அவர் எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக வெறுத்தேன். கிளாடிஸ் மேடம் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில், ரோஷினியின் காலில் விழுந்தாவது அந்தக் குழந்தையைத் தூக்கிவந்துவிடுவது என்று போனேன். மண்டபத்தில் ஒரே கூச்சல். திரையில் கோடு சுவரேறிக் குதித்ததுபோல மேலே, திரையின் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னது இது? என்னது இது?" என்று சபாநாயகம் திரையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். "இத்தனை நாள் மிச்சம் பிடிச்சதெல்லாம் போச்சா?"

என் கணவர் வாசலில் நின்றார். சட்டை முழுக்க வியர்வை. எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், டைம் ஃபாஸ்ட்டா போகுதா?"

"கடிகாரம் வேகமா ஓடுது" என்றார். "கோடு முன்ன இறங்கினதவிடப் பல மடங்கு மேல ஏறியிருக்கு."

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை விளக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக விளக்கவில்லை. ரோஷினி பாயிலிருந்து நேத்ராவை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. அன்று மத்தியானமே ஆட்டோக்களும் வேன்களும் வாசலில் வரிசையாக நின்றன. முதுமை பின்னாலிருந்து துரத்துகிறது போல ஓடினார்கள். மகன் வீட்டுக்கு, மச்சினன் வீட்டுக்கு, சில பேர் லாட்ஜுக்கு. சபாநாயகம் போகும்போது சாய்வு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் கட்டடத்தில் காக்கைகூட இல்லை. நாங்களும் குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். கடிகாரப் பெட்டி ஒன்றுதான் கூட வந்தது. இன்னொன்றை விற்றுவிட்டார் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். அவர் முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டிருந்தார். பெட்டி தூக்கினதில் பிடித்துக்கொண்டது என்றார்; புத்தகப் பெட்டி என்று நினைத்துக்கொண்டேன். தினமும் தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போதெல்லாம் ஒரு பெட்டி தூக்கத் துப்பில்லையா என்று திட்டவும் செய்தேன்.

அடைமழையின் மூன்றாம் நாள் ஸ்வர்ண சரோவரின் அந்தக் கோடி உட்கார்ந்துவிட்டது. மண்டபம் இருந்த தரை ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே போய், மேலே இருந்த மாடிகள் அதன்மேல் சாய்ந்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை. டீவியில் காட்டினார்கள். திரைச்சீலை ஒன்று சேற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சபாநாயகம் போன் செய்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மேடம், சார் செஞ்சது மோசடி. வக்கீல்கிட்ட பேசியாச்சு. கட்டடம் கீழதான போச்சு? கீழ போனா டைம் ஸ்லோவாத்தான் ஆகணும். அவரே சொல்லிக்குடுத்தது. அப்போ அன்னைக்குக் கோடு மேல போனது பொய். பொய் ரீடிங் காட்டி எங்கள வீட்ட விட்டு விரட்டியிருக்காரு."

"விரட்டலேன்னா இந்நேரம் நீங்க போட்டோவுல இருந்திருப்பீங்க சார்."

"அது வேற விஷயம். உயிர் பிழைச்சது தெய்வச் செயல். மோசடி மோசடிதான். அப்புறம் இன்னொண்ணு மேடம், ஒரு சந்தேகம். அந்த ஒரு வாரம் நான் சாமான் எடுக்க வந்து வந்து போனேன். அதுல எனக்கு எவ்வளவு வயசு கூடியிருக்கும்?"

"சார் திருத்தம் போட்டுக் கழிச்சிட்டார்" என்றேன். "அப்பாடா" என்று வைத்துவிட்டார்.

சிரிப்பு வந்தாலும் வக்கீல் என்ற சொல் உள்ளே உறுத்தியது. சாய்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்த இவரிடம் போனேன்.

"பொய் ரீடிங்னு கேஸ் போடப் போறாங்களாம். நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்னு கோர்ட்ல சொல்லிடறேன். நீங்க பயப்படாதீங்க."

"பொய்யா? எது பொய்?"

"அன்னைக்குக் கோடு மேல போச்சே."

"மேலதான் தாட்சா போச்சு. நான் அளந்ததத்தான் காட்டினேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, குற்றம் செய்த பிள்ளை மாதிரி சொன்னார்: "நீ கோவிச்சுக்கிட்டுப் போன பிறகு, விடிகாலையில கடிகாரத்த மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். அணைக்காம, அது ஓட ஓடத்தான். பேட்டரிய முதுகுல கட்டிக்கிட்டேன். டிஷ் கேபிள் குழாய் வழியா கண்ணாடி இழைய இறக்கிட்டேன். ஒரு சாண் இறங்கினதுக்கே அந்த ஆட்டம் ஆடினாங்க. இது ஏழு மாடி ஏத்தம். கோடு குதிக்காம என்ன செய்யும்?"

"ஸ்டோர் ரூம்ல பெட்டி இருந்துதே?"

"அது ரெண்டாவது பெட்டி. எடம் காலியா தெரியக் கூடாதுன்னு வச்சேன்."

"அப்போ முதல் பெட்டி?"

"மாடியிலயே விட்டுட்டேன். எல்லாரும் போற வரைக்கும் கோடு மேலயே நிக்கணுமே. அப்புறம் எடுக்க ஆளில்ல, படியேறவும் முடியல." அப்புறம் தலையை நிமிர்த்தி, "கடிகாரம் வேகமா ஓடுதுன்னு சொன்னேன். எங்க வச்சு அளந்தேன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?" என்றார்.

லிப்ட் ஓடாத கட்டடம். கிரைண்டர் கனம். ஓடுகிற கடிகாரத்தை நகர்த்தக் கூடாது என்று சுவரில் பச்சைச் சதுரத்தை விட்டுவைத்த மனிதர், ஒரு பொய் சொல்ல வாய் வராமல், ஏழு மாடி அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

"ஒரு பொய் சொல்லியிருந்தா இந்த முட்டி மிஞ்சியிருக்கும்ல? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

தைலக் குப்பியை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை என் மடிமேல் வைத்துக்கொண்டேன். திட்டிக்கொண்டே தேய்த்துவிட்டேன்.